45 வயதில் எலக்ட்ரீஷியன் ஆக முடியாதா?

"ஐடிஐ படிக்காதவருக்கு அரசுச் சான்றிதழே கிடையாது, 40 தாண்டினால் கதவு மூடியாச்சு" என்று சிலர் சொல்வது தவறு. தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்குக் குறைந்தபட்ச வயது 21. மேல் வரம்பு கிடையாது. ஆனால் வயரிங் வேலையில் 5 ஆண்டு அனுபவம் கேட்பார்கள். நடுவயதில் வருபவருக்கு உண்மையான தடை அதுதான், வயது இல்லை. ஆகவே முதல் நாளிலிருந்தே உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரிடம் சேருங்கள். பிறகு அனுபவச் சான்றுக்கு அலைய வேண்டாம். உதவியாளர் சான்றிதழ் கையில் இருப்பதால் தனியாக ஒப்பந்த வேலை எடுத்துவிடவும் முடியாது, அந்த உரிமம் வேறு.

செய்முறையில் படிக்கட்டு வயரிங்கை, அதாவது ஒரே விளக்கைக் கீழிருந்தும் மேலிருந்தும் போட்டு அணைக்கும் வயரிங்கை, நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். இரண்டு டூ-வே சுவிட்ச். ஒவ்வொன்றிலும் மூன்று முனைகள், அதில் மற்ற இரண்டுக்கும் பொதுவானது காமன். பேஸ் (மின்சாரம் வரும் வயர்) ஒன்றின் காமனில், விளக்குக்குப் போகும் வயர் மற்றொன்றின் காமனில். மீதி நான்கு முனைகளை இரண்டு வயர்கள் இணைக்கும். பேஸை காமனில் கொடுக்காமல் மற்ற முனை ஒன்றில் கொடுத்தால் கீழே அணைத்தபின் மேலிருந்து விளக்கைப் போடவே முடியாது. இது தெரியாமல் பல்பை மாற்றிப் பார்த்து நேரத்தை வீணடிப்பவர்கள்தான் அதிகம். காமன் எப்போதும் நடு முனைதான் என்றும் நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வயர் கொடுக்கும் முன் மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இரண்டு முனைகளுக்கு இடையே இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வையுங்கள்: சுவிட்சை எந்தப் பக்கம் தட்டினாலும் ஏதாவது ஒரு முனையோடு பீப் அடிப்பதுதான் காமன்.