ஒரு நோட்டு போதாதா என்று கேட்டவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை எங்கள் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஒருவர் கதை நடத்த மற்றவர்கள் பாத்திரமாக ஆடும் விளையாட்டு) மேஜையில் குறிப்பு கிடைக்காமல் நான் தடுமாறியது குரூப்பில் எல்லோருக்கும் தெரியும். இனி அப்படி ஆகாமலிருக்க, குறிப்பைத் தேடித் தரும் ஒரு கருவி கட்டுகிறேன் என்று எழுதியிருந்தேன். "அண்ணா, ஒரு விளையாட்டுக்கு எதுக்கு இவ்வளவு? நாப்பது ரூபா நோட்டு போதாதா?" என்று அதற்குக் கீழே வந்த கேள்விக்கும், விழுந்த சிரிப்புக் குறிகளுக்கும்தான் இந்தப் பதிவு.

போதாது. டிஎம்-ஆக, அதாவது கதையை நடத்துபவனாக, உட்கார்ந்திருப்பவனுக்கு ஐந்து விநாடியில் கைக்கு வராத குறிப்பு, எழுதாத குறிப்புதான்.

அச்சான கேம்பெயினை (பல செஷன்களாகத் தொடரும் கதையை) நடத்துபவருக்குப் புரட்டிப் பார்க்கப் புத்தகம் உண்டு. ஹோம்ப்ரூவில், அதாவது நானே உருவாக்கிய கதையில், நான் வாய்திறந்து சொன்னதைத் தவிர வேறு சாட்சி கிடையாது. ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள கல்லட்டி இறக்கத்தை நினைத்து, 36 கொண்டை ஊசி வளைவுகளோடு ஒரு மலைப்பாதையை வரைந்தேன். இரண்டரை வருஷமாக அதில்தான் நடக்கிறோம். ஒன்பதாம் வளைவில் சாவடிக் கிழவி. "அவளுக்கு நாங்க என்ன வாக்குக் கொடுத்தோம்?" என்று கேட்டாள், எங்களில் இளையவள். குன்னூரில் மழை, நெட் போய்விட்டது, என் குறிப்பு முழுக்க நெட்டில். நாலு நிமிஷம் தடவிவிட்டு, "தொலைந்த மகனைத் தேடித் தருவதாக" என்று வாய்க்கு வந்ததை அடித்துவிட்டேன். ஆட்டம் நகர்ந்தது.

உங்களுக்குத் தெரியாதது, அப்புறம் பஸ் ஸ்டாண்டில் நடந்தது. குடைக்குள் நின்றபடி அந்த இளையவள் தன் கேரக்டர் ஷீட்டை, தன் பாத்திரத்தின் விவரத் தாளைக் காட்டினாள். 'ஒரு படி உப்பு, கிழவிக்கு.' அந்த வாக்கைப் பதினாலு மாதமாகச் சுமந்திருக்கிறாள். "பரவால்லண்ணா" என்றாள். அந்தப் 'பரவால்ல' இன்னும் காதில் இருக்கிறது.

நோட்டுக்கு கரண்ட் வேண்டாம் என்பது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆடி மாதத்தில் இங்கே நோட்டு பூசணம் பிடிக்கும். அறுபது செஷன் குறிப்பில் கிழவி எந்தப் பக்கம் என்று நோட்டு சொல்லாது. ஏஐ-யிடம் கேட்கச் சொல்கிறார்கள். அதுவும் தெரியாததை இட்டுக்கட்டும். நான் இட்டுக்கட்டியதுதானே பிரச்சினையே! அப்சிடியன் என்ற குறிப்பெழுதும் செயலி நல்லது, கோப்புகள் நம் கணினியிலேயே சாதாரண எழுத்தாக இருக்கும், இரட்டைச் சதுர அடைப்புக்குள் பெயரைப் போட்டால் ஒன்றோடொன்று இணையும். அதே மாதிரி கோப்புகளின் மேல்தான் என் கருவியைக் கட்டுகிறேன். ஆனால் அதில் கிழவி பெயரைத் தட்டச்சு செய்தால் அவளுடைய பூர்வீகம் முதலில் வரக்கூடாது. கொடுத்த வாக்கு, எந்த செஷன், மேஜையில் யார் யாருக்கு அது தெரியும், இந்த மூன்றும்தான் முதலில் வரவேண்டும். நெட் இல்லாமல், ஐந்து விநாடியில்.

"விளையாட்டுதானே" என்பதுதான் எனக்கு வலித்தது. 1882-ல் நம் ஊட்டி கிளப்பில் ஸ்னூக்கர் விதிகளை எழுதிச் சுவரில் மாட்டினார்கள். அதுவும் விளையாட்டுதான். 1974-ல் டி அண்ட் டி வந்தபோது கம்ப்யூட்டரா இருந்தது என்று கேட்பவருக்கும் இதே பதில்: காகிதத்தில் எழுதினார்கள், ஆனால் எழுதினார்கள். வாரம் பூராவும் எஸ்டேட்டிலும் கடையிலும் நின்றுவிட்டு, கோத்தகிரியிலிருந்து பஸ் ஏறி வந்து நாலு மணி நேரம் என் பேச்சை நம்பி உட்காருகிறார்கள். அவர்கள் சொன்னதை நான் மறந்தால், அதை நெட் மேல் எப்படிப் பழி போடுவது?

வரும் ஞாயிறு ஒன்பதாம் வளைவிலிருந்தே திரும்பத் தொடங்குகிறோம். மகன் கதை நான் அடித்துவிட்டது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவேன். கருவியின் முதல் வடிவம் அதற்குள் தயாராகிவிடும். சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும், சிரித்தவர்களும் வரலாம்.