பாட்டிக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்

காய்ச்சலில் படுத்து இறந்துபோன பாட்டியைப் பற்றி நேற்றிரவு கோயில் வாட்ஸ்அப் குழுவில் வந்த குரல் பதிவை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். "வெறும் காய்ச்சலுக்கா ஆள் சாவாங்க? வயசாயிடுச்சு, போய்ட்டாங்க." அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். பாட்டிக்குப் பதினாறாம் நாள் காரியம்கூட இன்னும் முடியவில்லை. மனசு ஆறாமல்தான் எழுதுகிறேன்.

காய்ச்சலில் ஆள் சாவார்கள். இன்ஃபுளுவென்சா என்கிற ஃபுளூ காய்ச்சல் தரும் மூச்சுக் கோளாறில் உலகம் முழுக்க ஆண்டுக்கு 290,000 முதல் 650,000 பேர் வரை இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. வார்டில் போய்ப் படுப்பவர்கள் யார்? வயதானவர்கள், ஐந்து வயதுக்குக் கீழான பிள்ளைகள், கர்ப்பிணிகள், இருதயமோ சிறுநீரகமோ கெட்டவர்கள், இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் மலேசிய நாட்டு இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு இனிப்பு நீர். அப்புறம் அந்தக் கட்டில்களில் யார் வீட்டு ஆள் கிடப்பார்?

பாட்டிக்கு வந்தது மாரடைப்புதானே என்கிறார் இன்னொருவர். இன்ஃபுளுவென்சா உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு ஆபத்து ஆறு மடங்கு கூடுவதாக 2018-இல் கனடாவில் செய்த ஆய்வு சொல்கிறது. இரண்டையும் பிரித்துப் பேசாதீர்கள்.

என் அம்மாவுக்குக் காய்ச்சலே அடிக்கவில்லை. சாப்பாடு வேண்டாம் என்றார். என்றோ இறந்துபோன அப்பாவை, பால்மரம் (ரப்பர் மரம்) வெட்ட நேரமாச்சு, எழுந்திருங்க என்று கூப்பிட்டார். கிளினிக்கில் வயசுக் கோளாறு என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூச்சு வாங்கத் தொடங்கியதும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தால் இன்ஃபுளுவென்சா ஏ, கூடவே நிமோனியா. வயதானவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலேயே இது வரலாம், புத்தி முதலில் தடுமாறலாம் என்று வார்டு டாக்டர் சொன்னார். அம்மா பிழைத்தார். பாட்டி பிழைக்கவில்லை.

தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்தபோது ரசமும் கஷாயமும் குடித்தே எழுந்தோம் என்பீர்கள். எழுந்தவர்கள் இன்று சொல்கிறீர்கள், எழாதவர்கள் யார் சொல்வது? ரசம் குடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஃபுளூ தடுப்பூசி போட்டவருக்கும் வருகிறதே என்பீர்கள். சரி, வரும். ஆனால் வார்டு வரைக்கும் போவது குறையும். கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் வருடா வருடம் போட வேண்டும். நம் ஊரில் குளிர்காலம் கிடையாது, வருடம் முழுக்கப் பரவுகிறது. ஊசியால்தான் காய்ச்சல் வருகிறது என்கிறவர்களுக்கு: அதில் இருப்பது செத்த கிருமி.

மருந்தும் உண்டு. நோய் கண்ட 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். ஞாயிறு ராத்திரி பழைய லயத்துப் பக்கமிருந்து எழுபது வயது அம்மா எதில் ஏறி வருவார்? பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். தோட்டம் இருந்த காலத்தில் டிரஸராவது (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) இருந்தார். நிலத்தை விற்றார்கள், வீடு கட்டினார்கள், டிரஸர் இருந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. திருவிழாக் கூடாரத்துக்கு ஒய்.பி.யிடம் (நம் மக்கள் பிரதிநிதி) போய் நிற்கிற நாம், நோயாளிகளை ஏற்றிப்போக ஒரு வேன் கேட்டிருக்கிறோமா? அடுத்த கோயில் செயலவைக் கூட்டத்தில் நான் கேட்கத்தான் போகிறேன். கூட வருகிறவர்கள் கீழே பெயர் போடுங்கள்.