மூடுபனியில் மீட்டரை நம்பாதீர்கள்

எக்ஸ்போஷர், அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவு, அப்பர்ச்சர் (லென்ஸின் துவாரம்), ஷட்டர் (வெளிச்சம் விழும் நேரம்), ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) மூன்றும் சேர்ந்தது என்று புகைப்படம், வீடியோ எடுப்பது பற்றிய உங்கள் கட்டுரையில் தெளிவாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் "மீட்டர் நடுவில் நின்றால் சரி" என்று கமராவின் வெளிச்ச அளவியைப் பற்றிச் சொன்ன வரி எங்கள் இலங்கை மலையகத்துக்கு ஒத்துவராது. கமரா எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். ஹப்புத்தளையில் காலைப் பனி இறங்கும்போது அப்படியே விட்டால் வெள்ளைப் பனி அழுக்காகிவிடும், கொழுந்து பறிக்கும் அக்காவின் முகம் கறுத்தே போய்விடும். மீட்டர் சொல்வதைவிட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் காம்பன்சேஷனை +1, சில நேரம் +1.5 வரை ஏற்றினால்தான் பனி பனியாகத் தெரியும். முகம்தான் முக்கியம் என்றால் ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கை முகத்திலேயே வையுங்கள். எங்கள் தோல் நிறத்துக்கு அதிலிருந்து அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைக்க வேண்டிவரும். (போன் திரையின் வெளிச்சத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், படத்தின் இருள், வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள்.)

அப்புறம் வீடியோ. நொடிக்கு 25 பிரேமுக்கு ஷட்டர் 1/50 நொடி என்று சொன்னதோடு விட்டுவிட்டீர்கள். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதற்கேற்ப விளக்கும் மினுங்கும். தேயிலைத் தொழிற்சாலைக்குள் பழைய டியூப் லைட்டின் கீழே 1/60இல் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். 1/50 அல்லது 1/100 என்றால் பெரும்பாலும் வராது. வெளியே வெயில் அடித்தால் 1/50ஐ வைத்துக்கொள்ள லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி பில்டர் வேண்டும். அது இல்லாதவர்கள் ஷட்டர் வேகத்தை ஏற்றட்டும், அதில் குற்றமொன்றும் இல்லை. தெமோதரைப் பாலத்தில் ரயில் எடுக்கிறவர்கள் மட்டும் எக்ஸ்போஷர் தானாக மாறாதபடி அதை முதலிலேயே லாக் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் இன்ஜின் விளக்கு நேரே அடித்ததும் சுற்றியுள்ள காடு முழுக்க இருண்டுவிடும்.