பீஸ்–அதபாஸ்கா தரையுயர வரைபடம்: ஒரு திருத்தம்

கனடாவின் பீஸ்–அதபாஸ்கா கழிமுகச் சதுப்புநிலம் 2000ஆம் ஆண்டிலேயே விண்வெளி ஓடத்தில் பொருத்திய ராடாரினால் சென்டிமீற்றர் துல்லியத்துடன் அளக்கப்பட்டுவிட்டது என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. வட அகலாங்கு 60 பாகை வரை எட்டிய அந்த அளவீட்டில் அப்பகுதி அடங்குவது உண்மை. ஆனால் அதற்கு வகுக்கப்பட்ட உயர வழுவின் எல்லையே 16 மீற்றர். அதுவும் பெப்ரவரியில், ஏரிகள் உறைந்து வெண்பனி மூடியிருந்த காலத்தில் எடுக்கப்பட்டது. பனிக்கட்டி அடைத்து ஆறு பெருகும்போது எந்தக் குட்டைக்கு நீர் ஏறும் என்பதை அங்கே ஒரு மீற்றருக்கும் குறைந்த கரை உயர வேறுபாடே தீர்மானிக்கக்கூடும். திருகோணமலையில், மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கும் மூதூர்ப் பக்கத்து வயற்காரருக்கு, ஒரு சாண் வரம்பு வெள்ளத்தைத் திருப்பும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அத்தகைய நுண்வேறுபாட்டைக் காண வானூர்தி லேசர் அளவீடும், கலங்கிய நீரின் அடியை அது எட்டாத இடங்களில் படகில் சென்று எடுக்கும் ஆழ அளவீடும் வேண்டும்.