ஒரே நாயகியை இன்னும் எத்தனை ஆண்டு அழ வைப்பீர்கள்?

பெண்களை முன்னிறுத்தும் தொலைக்காட்சி நாடகம் நமக்கு வேண்டும் என்று சொன்னால், "அதுதான் தினமும் ஓடுகிறதே" என்று பதில் வருகிறது. ஓடுவது உண்மைதான். மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள எங்கள் பீடோங் கடைத்தெருவில் இரவு எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் சுவரில் ஒரு தொலைக்காட்சி, அதில் பட்டுப்புடவையோடு ஒரு பெண் அழுதுகொண்டிருக்கிறாள். விளம்பரத்தில் அவள் முகம்தான் பெரிது. கதைக்குள் அவளுக்கு ஒரு முடிவுகூட எடுக்க அனுமதி இல்லை. எடுத்துவிட்டால் நாளைக்கு நாடகம் கிடையாது.

இதற்கு நடிகையையோ எழுத்தாளரையோ திட்டிப் பயனில்லை. நெடுந்தொடரின் பிழைப்பே அப்படி. கணவன் ஏமாற்றுகிறான் என்று தெரிந்த அன்றே அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் கதை முடிந்தது. ஆகவே அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தாலும் நம்பக் கூடாது. நம்பினாலும் அந்த நேரம் பார்த்து மாமியார் மயங்கி விழ வேண்டும். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு நிற்பவளுக்குப் "பொறுமைசாலி" என்று பட்டம் வேறு.

அதனால்தான் கதைத் தொகுப்புத் தொடரைக் கேட்கிறேன். ஒரு வாரம் ஒரு கதை, ஒரு நாயகி. அடுத்த வாரம் வேறொருத்தி. முக்கால் மணி நேரத்தில் கதை முடிந்தாக வேண்டும் என்றால் அவள் எதையாவது செய்தே தீர வேண்டும். இது புதிய யோசனையும் அல்ல. 1991இல் சுஹாசினி தூர்தர்ஷனுக்காக 'பெண்' தொடரை இயக்கினார். வாரம் ஒரு பெண்ணின் தனிக்கதை. 2020 முதல் இணையத் தளங்களிலும் தமிழில் கதைத் தொகுப்புகள் வந்தன. தமிழ்நாட்டுக்காரர்கள் தங்கள் ஊரை எடுக்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் ஊரை எடுக்க வேண்டியவர்கள் நாம்தானே?

உள்ளூர்த் தொடர்கள் இப்போது நிறைய வருகின்றன. ஒளிப்பதிவைப் பார்த்தால் பெருமையாகவே இருக்கிறது. ஆனால் நாயகி பெரும்பாலும் கோலாலம்பூர் கொண்டோமினியத்தில்தான் குடியிருக்கிறாள். வேலைக்குப் போகிறாளாம், என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. கையில் ஒரு கோப்பு, அவ்வளவுதான்.

ரப்பர்த் தோட்டத்துப் பெண்ணை வேலை இல்லாமல் காட்டவே முடியாது. விடியுமுன் பெரட்டு, அதாவது பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுப்பது. வெயில் ஏறினால் பால் இறங்குவது குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் நுழைவது, மரத்தில் காயம் படாமல் பட்டையைச் சீவுவது, பால் வடியும் மங்குக் கோப்பையைத் துடைத்து வைப்பது, பிறகு வாளியோடு திரும்பி வந்து பால் எடுப்பது, ஸ்டோரில் நிறுவைக்கு நிற்பது. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, அன்றைய கணக்கில் இடி. நல்ல இயக்குநர் கையில் கிடைத்தால் பாதி வசனம் மிச்சம்.

என்னிடம் கேட்டால் முதல் பகுதியை மருந்து அடித்த பெண்களுக்குக் கொடுப்பேன். தோட்டங்களில் களைக்கொல்லியை முதுகில் சுமந்து தெளிக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுந்தது. பாராகுவாட் என்ற பெயர் தெரியாதவர்களுக்கும் நகம் கருத்து விழுவதும் மூக்கில் ரத்தம் வருவதும் நன்றாகத் தெரியும். ஐரின் பெர்னாண்டஸ் நிறுவிய தெனாகானித்தா அமைப்பு இந்தப் பெண்களைச் சந்தித்து ஆய்வு செய்து 2002இல் அறிக்கை வெளியிட்டது. அரசாங்கமும் அதே ஆண்டு அந்த மருந்துக்குத் தடை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, கடைசியில் 2020இல்தான் முழுத் தடை வந்தது. பதினெட்டு ஆண்டுகள்! ஒரு தொழிலாளிப் பெண்ணின் நடுவயது முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

இதை நீதிமன்றக் கதையாகவோ பேரணிக் கதையாகவோ எடுத்துக் கெடுத்துவிடக் கூடாது. ஒரே நாள் போதும். காலையில் மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், மருந்து தெளிக்கும் பம்பை நீட்டுகிறார், அவள் வாங்கவில்லை. அன்று இருட்டுவதற்குள் அவள் வீட்டில், மளிகைக் கடையில், கோயில் வாசலில் என்னென்ன பேச்சு எழுகிறது என்பதுதான் கதை. குடியிருக்கும் லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம் என்பதை அனுபவித்தவர்களுக்கு, அந்த ஒரு மறுப்பு எத்தனை பேரின் தூக்கத்தைக் கெடுக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்கள் பிரிவாக இருந்த ஜான்சி ராணிப் படைக்கும் ஒரு பகுதி வேண்டும். 1943இல் சிங்கப்பூரில் கேப்டன் லட்சுமியின் தலைமையில் அமைந்த அந்தப் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன இளம்பெண்கள் ஏராளம்; பலர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. யார் எடுத்தாலும் அணிவகுப்பையும் துப்பாக்கியையும்தான் எடுப்பார்கள். எனக்குப் போருக்குப் பிந்திய கதை வேண்டும். பர்மாவரை போய்த் திரும்பியவள் மறுபடியும் அதே பெரட்டுக் களத்தில் நிற்கிறாள். கங்காணி பெயர் கூப்பிடுகிறார். என்ன குரலில் அவள் பதில் சொல்வாள்? எங்கள் பீடோங் வட்டாரத்திலேயே 1947இல் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படை நடத்திய கள்ளுக்கடை எதிர்ப்பு போலீஸ் மோதல்வரை போனது. கூலிப் பணம் கள்ளுக்கடையில் கரைவதைப் பொறுக்காமல் முன்னால் வந்து நின்றவர்களில் பெண்களும் உண்டு. அதுவும் ஒரு பகுதி. இங்கேயே பிறந்து, தலை நரைத்த பிறகும் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையோடு குடியுரிமைக்குக் காத்திருந்த பாட்டிகளுக்கு ஒன்று. சுங்கை பட்டாணித் தொழிற்சாலைகளில் இரவு வேலை பார்க்கும் பேத்திகளுக்கு ஒன்று.

பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் மசியவில்லை. "தினமும் ஒரே முகம் வந்தால்தான் எனக்குத் துணை. நீ சொல்கிற நாடகத்தில் பழகுவதற்குள் அவள் போய்விடுவாளே" என்றார். பிள்ளைகள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்க, வீட்டில் தனியாக இருப்பவர் அவர். நெடுந்தொடரைக் கேலி செய்யும் நம்மைப் போன்றவர்கள் இதைக் காதில் வாங்குவதே இல்லை.

இதற்கும் வழி இருக்கிறது. நாயகிகள் மாறட்டும், ஊர் மாற வேண்டாம். அதே கடைத்தெரு, அதே மாரியம்மன் கோயில், அதே காய்கறிக்காரர். இந்த வாரக் கதையில் ஒருத்தி மீன் வாங்கும்போது போன வார நாயகி பின்னால் நின்று விலை கேட்கட்டும். அக்காவுக்கு ஒருத்திக்குப் பதில் ஓர் ஊரே பழகிவிடும். வாரம் ஒரு கதை என்றால் செலவு தாங்காது என்று கைவிரிக்கும் தயாரிப்பாளர்களுக்கும் இதில் லாபம்தான். ஒரே தோட்டத்தில் எல்லாக் கதைகளையும் எடுத்துவிடலாம். ஐம்பது வயதைத் தாண்டிய மேடை நடிகைகளுக்கு அம்மா வேடத்தைத் தவிர வேறு ஏதாவது கிடைக்கும். எழுதுகிற இடத்திலும் இயக்குகிற இடத்திலும் பெண்கள் இல்லையென்றால் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். மறுபடியும் மாமியார் மயங்கி விழுவார்.

இதைப் படிக்கும் தோட்டத்துக்காரர்கள், முதல் பகுதியை யாருக்குக் கொடுப்பீர்கள் என்று கீழே எழுதுங்கள். தோட்டத்தின் பெயரையும் அவள் செய்த வேலையையும் மறக்காமல் சேருங்கள். யாராவது தயாரிப்பாளர் கண்ணில் பட்டால், 'எடுக்கக் கதையே கிடைக்கவில்லை' என்று அவர் சொல்ல முடியாமல் போகட்டும்.