பெட்ரோலுக்குக் காசு வாங்கிக்கொண்டு தண்ணீரை ஊற்றினால்?

நேற்றும் பெட்ரோல் பங்க் மேனேஜரிடமிருந்து அதே பதில்தான். "டேங்க் மூடியை நீங்க சரியா மூடியிருக்க மாட்டீங்க சார்." மூன்றாவது தடவையாக இதைக் கேட்கிறேன். பூட்டுப் போட்ட மூடி வழியாக அவ்வளவு தண்ணீர் எப்படி இறங்கும்?

அன்றைக்கு இரவு மழை விட்டு அரை மணி நேரம் இருக்கும். தாம்பரம் தாண்டி ஒரு பங்கில் 2,000 ரூபாய்க்குப் போட்டேன், பின் சீட்டில் அம்மா. கூடுவாஞ்சேரி வருவதற்குள் வண்டி ஜெர்க் அடிக்க ஆரம்பித்தது, மிதித்தால் வேகம் ஏறவில்லை, செக் என்ஜின் விளக்கு மினுக்குகிறது, பின்னால் லாரி விடாமல் ஹாரன் அடிக்கிறது, ஜி.எஸ்.டி. ரோட்டின் நடுவில் அப்படியே நின்றுவிட்டது. முட்டிவலியோடு இருக்கிற அம்மாவை அந்த இருட்டில் இறக்கிக் கையைப் பிடித்து ஓரத்துக்குக் கூட்டிப்போனதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

மறுநாள் மெக்கானிக் டேங்கை வடித்து ஒரு பாட்டிலில் பிடித்துக் காட்டினார். மேலே பெட்ரோல், அடியில் நாலு விரல் உயரத்துக்குத் தனியாக ஒரு அடுக்கு. "அண்ணே, பம்ப் அடியிலேர்ந்துதான் உறிஞ்சும், மொதல்ல போனதே இதுதான்" என்றார். இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது தண்ணீரை இழுக்கும். கொஞ்சம் என்றால் கரைந்து தெரியாமல் போய்விடும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். மழைக்காலத்தில் நிலத்தடி டேங்கில் தண்ணீர் கசிந்தால் என்ன ஆகும் என்று பங்க் நடத்துகிறவர்களுக்குத் தெரியாதா? தண்ணீர் பட்டால் நிறம் மாறுகிற பசையை அளவுகோலில் தடவி உள்ளே விட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

இதைக் கேட்டதற்கு மேனேஜர் ஃபில்டர் பேப்பரை எடுத்துவந்தார். நாசிலிலிருந்து ஒரு சொட்டு விட்டார், காய்ந்தது, கறை இல்லை. "சுத்தம் சார்" என்றார். ஐயா, அது மண்ணெண்ணெய் மாதிரி எதையாவது கலந்திருக்கிறார்களா என்று பார்க்கிற சோதனை! தண்ணீரும் கறை விடாமல்தானே காயும்? அதுவும் நான் போட்டு மூன்று நாள் கழித்து, நடுவில் புது லோடு இறங்கிய பிறகு. சரி, அன்றைக்கு டேங்கில் தண்ணீர் பார்த்து எழுதிய பதிவேட்டைக் காட்டுங்கள் என்றேன். ஓனர் வரணுமாம். எப்போது வருவார்? அது மேனேஜருக்கும் தெரியாது.

டேங்க் கழுவி, ஃபில்டர் மாற்றி, இன்ஜெக்டரைச் சுத்தம் செய்ய 7,400 ரூபாய். தண்ணீர் பட்ட பம்ப் இனி எத்தனை மாதம் ஓடும் என்று மெக்கானிக்காலும் சொல்ல முடியவில்லை. பில்லை நீட்டினால் மேனேஜர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வெளியே வந்து ஆட்டோ கூப்பிட்டால், நாலு கிலோமீட்டருக்கு 250 ரூபாய். மீட்டர் போடுங்கள் என்றேன். ரிப்பேராம். ஆட்டோக்காரரோடும் சண்டை போட எனக்குத் தெம்பில்லை, ஏறி உட்கார்ந்துவிட்டேன்.