எங்கிருந்தோ முளைக்கவில்லை

உக்ரைன் கால்பந்து வீரர் ஆர்டெம் டோவ்பிக்கைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை வந்த அந்தக் காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முடியவில்லை. உங்களில் பாதிப் பேர் அதைப் பார்த்திருப்பீர்கள். மீதிப் பேர் அதற்குக் கீழே நானும் அதைப் போட்ட நண்பரும் மல்லுக்கு நின்றதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் முன்கதை வேண்டாம்.

தலைப்பு: "எங்கிருந்தோ முளைத்த கோல் மன்னன்". டோவ்பிக்கைப் பற்றி எட்டு நிமிடம். அதில் ஏழரை நிமிடம் ஜிரோனா என்ற ஸ்பானியக் கிளப். 2023-24 பருவத்தில் ஸ்பெயினின் லா லிகா லீக்கில் 24 கோல், அதிக கோல் அடித்தவருக்கான பிச்சிச்சி விருது, கடைசி ஆட்டத்தில் கிரனாடாவுக்கு எதிராக ஹாட்ரிக். நன்றாகத்தான் சொல்லியிருந்தார், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால்? "உக்ரைனில் ஏதோ ஒரு சின்ன கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தார்." ஒரே வரி. கிளப்பின் பெயரைச் சொல்லக்கூட அவருக்கு வாய் வரவில்லை.

அந்த 'ஏதோ ஒரு' கிளப்புக்குப் பெயர் இருக்கிறது. எஸ்.சி. நிப்ரோ-1. ஸ்பெயினுக்குப் போவதற்கு முந்தைய பருவத்தில், உக்ரைன் பிரீமியர் லீக்கில், அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு டோவ்பிக் அடித்தவை எத்தனை கோல் தெரியுமா? 24. அதே 24. எங்கிருந்தோ முளைத்தவருக்கு எண் எவ்வளவு ஒழுங்காகப் பொருந்துகிறது பாருங்கள்.

இதைத்தான் மரியாதையாகச் சுட்டிக்காட்டினேன். வந்த பதில்: "ஓ, வந்த வேகத்திலேயே காணாமல் போன கம்பெனிதானே அது? இல்லாத கிளப்புக்கு இவ்வளவு வக்காலத்தா டாக்டர்?" கூடவே சிரிப்பு முகங்கள். அதில் இரண்டு முகங்கள் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். சரி, இருக்கட்டும்.

இந்தக் கிளப் எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன். காணொளிக்காரர் படிக்க மாட்டார், மற்றவர்களாவது படியுங்கள்.

நிப்ரோ நகரத்துக்கு ஏற்கெனவே ஒரு கிளப் இருந்தது. எஃப்.சி. நிப்ரோ. யூஷ்மாஷ் என்ற ராக்கெட் தொழிற்சாலையின் அணி. 1983-லும் 1988-லும் சோவியத் சாம்பியன். 2015 மே 27 அன்று வார்சாவில் யூரோப்பா லீக் இறுதி ஆட்டம்: செவில்லாவிடம் 3-2 தோல்வி. அரையிறுதியில் நாபொலியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்த அணி அது. அப்படிப்பட்ட அணி, ஐரோப்பிய இறுதிக்குப் போன இரண்டே ஆண்டில், பழைய பயிற்சியாளர் குழுவுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியைக் கொடுக்காமல் ஃபிஃபாவிடம் மாட்டிக்கொண்டு, புள்ளிகள் பறிபோய், 2017-ல் மூன்றாம் நிலை லீக்கில் தூக்கிப் போடப்பட்டது. 2019-ல் மூச்சே நின்றுவிட்டது. அதன் முதலாளி இகோர் கொலொமொய்ஸ்கி பணம் இல்லாத ஏழை என்று யாரும் நினைக்க மாட்டீர்கள்.

நிப்ரோ-1 பிறந்ததும் அதே 2017-ல்தான். 2014-ல் போர் தொடங்கியபோது உருவான 'நிப்ரோ-1' என்ற தன்னார்வக் காவல் படைப்பிரிவின் பெயரில். பழைய அணி பிரீமியர் லீக்கில் ஆடிய கடைசிப் பருவத்தின் பயிற்சியாளர் திமித்ரோ மிஹைலென்கோவே புதிய அணிக்கும் பயிற்சியாளர். ஒரே ஊர், ஒரே லீக், இரண்டு அணிகள்: ஒன்று செத்துக்கொண்டிருக்கிறது, மற்றொன்று பிறந்துகொண்டிருக்கிறது. 2018-ல் புதியது இரண்டாம் நிலைக்கு ஏறியது. 2019-ல் அங்கும் முதலிடம் பிடித்துப் பிரீமியர் லீக்குக்கு வந்துவிட்டது. (அதே ஆண்டு இரண்டாம் இடம் பிடித்துக் கூடவே ஏறியது கொவாலிவ்கா என்ற கிராமத்தின் அணி. ஆம், கிராமம். அடுத்த ஆண்டே கிரேக்கத்துக்குப் போய் ஆரிஸ் அணியைத் தோற்கடித்துவிட்டு வந்தார்கள். உக்ரைன் கால்பந்து என்றால் ஷக்தாரும் டைனமோவும் மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இதை எல்லாம் எங்கே சொல்வது.)

நான் இதையெல்லாம் இணையத்தில் தேடி எழுதவில்லை. 2016 செப்டம்பரில் அந்த ஊருக்கு மருத்துவம் படிக்கப் போனவன் நான். வாயில் நுழையாத ஊருக்கு, பிளஸ் டூ முடித்த கையோடு, இரண்டு கிலோ சாம்பார் பொடியோடு போய் இறங்கியவன்.

எங்கள் விடுதி வாயிலில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருப்பார். யூஷ்மாஷில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒன்பது மணிக்கு மேல் வந்தால் பெயர், அறை எண், எங்கே போனாய், ஏன் தொப்பி போடவில்லை என்று எல்லாக் கேள்வியும் வரும். அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் பழைய ஆட்ட டிக்கெட்டுகளை வரிசையாகச் செருகி வைத்திருந்தார். மெத்தியோர் ஸ்டேடியத்தின் டிக்கெட்டுகள். 2008-ல் நிப்ரோ அரீனா திறப்பதற்கு முன்பு அணி அங்கேதான் ஆடியது. கண்ணாடியைத் துடைக்கும்போதுகூட டிக்கெட் நகராமல் ஒரு கையால் ஓரத்தை அழுத்திக்கொண்டுதான் துடைப்பார்.

புதிய கிளப் வந்தபோது அதை முதலில் வெறுத்தவர் அவர்தான். "இது நிப்ரோ இல்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் இரண்டு நண்பர்களும் ஆட்டத்துக்குப் போய்விட்டுக் குளிரில் நடுங்கிக்கொண்டு வந்தால், அவர் கேட்கிற முதல் கேள்வி "தேர்வுக்குப் படித்தாயா?" ஸ்கோரைக் கேட்கவே மாட்டார். ஓராண்டுக்கு மேல் இப்படியே போயிற்று. பிரீமியர் லீக்குக்கு வந்த பிறகு ஒருநாள், பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "எத்தனைக்கு எத்தனை?" என்றார். அவ்வளவுதான். நான் சொன்னேன். "ம்" என்றார். அடுத்த வாரமும் கேட்டார்.

டோவ்பிக் வந்தது 2020-ல். செர்காசியில் பிறந்தவர். பழைய நிப்ரோவில் வளர்ந்து, அது மூழ்கும்போது டென்மார்க்குக்குப் போய், அங்கே மிட்யுலாண்ட் கிளப்பில் சரிப்படாமல் திரும்பி வந்தவர். வேண்டாம் என்று ஆனவரை எடுத்து மூன்று ஆண்டு ஆட வைத்தது எந்தக் கிளப்? 2021 ஜூன் 29, கிளாஸ்கோ. ஸ்வீடனுக்கு எதிரான யூரோ (ஐரோப்பியக் கோப்பை) ஆட்டம். கூடுதல் நேரத்தில் மாற்று வீரராக இறங்கி, 121-வது நிமிடத்தில் ஸின்சென்கோ அனுப்பிய பந்தைத் தலையால் முட்டி உள்ளே போட்டாரே, நாடே முதல்முறையாக யூரோ காலிறுதிக்குப் போனதே, அன்று அவர் எந்தக் கிளப்பின் வீரர்? அப்போது எங்கள் ஊரில் நள்ளிரவு தாண்டிவிட்டது. விடுதியில் சத்தம் போடக் கூடாது என்ற சட்டத்தை வைத்திருந்த அதே அம்மாள், வாயிலில் இருந்த சின்ன டிவிக்கு முன்னால் எழுந்து நின்று, "நம்ம பையன், நம்ம பையன்" என்று கத்தினார். நம்ம பையன். எங்கிருந்தோ வந்த பையன் இல்லை.

இப்போது வழக்கமான கேள்விகளுக்கு வருகிறேன். உள்பெட்டியில் ஏற்கெனவே வந்துவிட்டன.

"அது கோடீசுவரர் பணத்தில் ஓடிய கிளப்." சரி, பணம் புனிதமான இடத்திலிருந்து வந்தது என்று நான் எங்கேயாவது சொன்னேனா? உக்ரைனில் எந்தக் கிளப் முதலாளி இல்லாமல் ஓடியது? அது போகட்டும், நீங்கள் கொண்டாடுகிற ஜிரோனாவில் பெரும் பங்கு யாரிடம் இருக்கிறது? மான்செஸ்டர் சிட்டியை வைத்திருக்கிற அதே அபுதாபிக் குழுமத்திடம். அங்கே பணம் வந்தால் 'தேவதைக் கதை', இங்கே வந்தால் 'பொம்மை'. நல்ல நியாயம்.

"படைப்பிரிவின் பெயரை விளையாட்டு அணிக்கு வைப்பதா?" தன் ஊருக்குள் ராக்கெட் விழாதவர்கள் கேட்கிற கேள்வி. நகர்கிறேன்.

"ஏழே ஆண்டில் மூடிவிட்டார்களே." ஆமாம், மூடிவிட்டார்கள். மூடுவதற்கு முன்னால் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். 2022 பிப்ரவரியில் லீக் நின்றபோது மூன்றாம் இடம். ஆகஸ்டில் லீக் மறுபடி தொடங்கியபோது பார்வையாளர்கள் கிடையாது. சைரன் ஒலித்தால் வீரர்கள் பதுங்குமிடத்துக்கு ஓட வேண்டும், அபாயம் நீங்கியதும் விட்ட நிமிடத்திலிருந்து ஆட வேண்டும். அந்தப் பருவத்தின் நடுவில், 2023 ஜனவரி 14 அன்று, நிப்ரோவில் ஆற்றங்கரை அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஏவுகணை விழுந்து 46 பேர் இறந்தார்கள். நான் நடந்து போன தெரு அது. அந்த ஊரின் அணி அந்தப் பருவத்தை ஷக்தாருக்கு அடுத்த இரண்டாம் இடத்தில் முடித்தது. ஐரோப்பிய ஆட்டங்களுக்குச் 'சொந்த மைதானம்' ஸ்லோவாக்கியாவின் கோசிட்சே. அங்கே ஆடிக்கொண்டே கான்ஃபரன்ஸ் லீக் குழுவில் நெதர்லாந்தின் ஆல்க்மாருக்கு அடுத்து இரண்டாவதாக வந்தார்கள். பிறந்து ஆறாண்டுகூட ஆகாத கிளப். இதற்குச் சிரிப்பு முகம் போட எப்படி மனம் வருகிறது?

கடன் வைத்துவிட்டுப் போனார்களே, வீரர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்களே என்றால்... ஆமாம். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. 2024 கோடையில் ஹங்கேரியின் புஷ்காஷ் அகாதமியோடு ஐரோப்பியத் தகுதிச் சுற்றில் ஆட வேண்டியவர்கள் ஆடவே வரவில்லை. பிரீமியர் லீக்கிலிருந்தும் விலகிக்கொண்டார்கள். பழைய கிளப் செத்த அதே வழியில் புதியதும் போய்விட்டது. இது எனக்குத் தெரியாதா? உங்களைவிட எனக்குத்தான் அதிகம் வலித்தது. ஒரு கிளப் மூடியது என்பதற்காக அது ஆடிய ஆட்டங்கள் நடக்காமல் போய்விடுமா என்றுதான் கேட்கிறேன். 24 கோலும் வலைக்குள் போய் விழுந்தவைதானே? பிஹால்யொனொக்கும் ருப்சின்ஸ்கியும் டைனமோவுக்குப் போனார்கள், ஹுட்சுல்யாக் ஸிடோமிருக்குப் போனார். அவர்களும் எங்கிருந்தோ முளைத்தவர்களா?

"டாக்டர் வேலையை விட்டுவிட்டுக் கால்பந்து நிபுணர் ஆகிவிட்டாரா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, டாக்டர் ஆவதற்கே நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. இறுதியாண்டில் போர். நெருக்கியடித்த ரயிலில் நின்றுகொண்டே மேற்கு எல்லைக்குப் போய், ஹங்கேரி வழியாக விமானம் ஏறி வந்தவன். மீதிப் படிப்பு ஆன்லைனில். பிறகு வெளிநாட்டில் படித்தவர்களுக்கான அந்தத் தேர்வு: 300-க்கு 150 எடுக்க வேண்டும். மூன்றாவது முறைதான் எடுத்தேன். மறைக்கவில்லை. மற்றவர்களுக்கு ஓராண்டு இன்டர்ன்ஷிப், எங்களுக்கு இரண்டு. போன மாதம் ஒரு கல்யாணத்தில், என் முன்னாலேயே, பெரியப்பா முறை ஆகிற ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "எங்கேயோ போய் ஏதோ படித்துவிட்டு வந்திருக்கிறான். அந்தக் காலேஜ் எல்லாம் இப்போது இருக்கிறதோ என்னவோ." பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பாயசம் வருவதற்குள் எழுந்துவிட்டேன்.

கல்லூரி இருக்கிறது பெரியப்பா. இன்றைக்கும் அங்கே காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எனக்குப் பாடம் நடத்தியவர்கள்தான்.

எங்கே விட்டேன். ஆம், கிளப்.

நாங்கள் கிளம்பிய அன்று அந்த அம்மாள் என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். வெளியே சைரன். கையில் ஒரு பையோடு நாற்பது பேர் வாயிலில் நிற்கிறோம். அவர் பதிவேட்டைத் திறந்து, ஒவ்வொருவரிடமும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, கம்பளி என்று கணக்குப் பார்த்துக் கையெழுத்து வாங்கினார். என் கணக்கில் ஒரு தலையணை உறை குறைந்தது. திட்டினார். பிறகு, "திரும்பி வரும்போது கொண்டு வா" என்று சொல்லி, அந்தக் குறைவைப் பதிவேட்டில் எழுதாமல் விட்டுவிட்டார்.

2024-ல் கிளப் விலகிய செய்தி வந்த அன்று அவருக்குத் தகவல் அனுப்பினேன். உடனே பார்த்துவிட்டார், பதில் வரவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் இரண்டே சொல் வந்தது: "இரண்டாவது முறை." அடுத்த நிமிடமே இன்னொன்று: "டோவ்பிக் எத்தனை கோல்?" ஸ்பானிய லீக் முடிந்து வாரக்கணக்காகிவிட்டது, அவருக்கும் தெரியும். இருந்தாலும் அனுப்பினேன். 24. "ம்" என்று பதில் வந்தது.

காணொளியின் தலைப்பை மாற்ற இரண்டு நிமிடம்கூட ஆகாது. அவர் மாற்ற மாட்டார் என்று தெரியும். இதைப் பகிர்கிறவர்கள் தயவுசெய்து அவரை டேக் செய்து தொந்தரவு கொடுக்காதீர்கள். நான் ஏற்கெனவே செய்துவிட்டேன்.